இருபத்து நான்கு ரஸ்க்

ஊரிலிருந்து,
1953 பிப்ரவரி 26

கிறிஸ்தல்லூ,

நீ லார்னகாவில் கப்பலேறி ஆறு நாள் ஆகிறது. நான் உயிரோடு இருக்கிறேன், ஆடுகளும் இருக்கின்றன, கறுப்பி இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. எழுதுவது காப்பிக்கடை தோஃபிஸ். நான் எழுத்துத் தெரியாதவன்தானே என்று தன் சரக்கைச் சேர்த்துவிடுவான் என்பதால் ஒவ்வொரு வரியையும் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

பால் பெருகுகிற மாதம். காலையில் ஒரு அண்டா, மாலையில் ஒரு அண்டா. ஹலூமிப் பாலாடைக்கட்டிகளைப் புதினா வைத்து மடித்து உப்புநீர்ப் பானையில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். உப்பு சரியா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்க்க வழியில்லை, முகர்ந்துதான் பார்க்கிறேன். தவக்காலம் வந்தால் ஈஸ்டர் வரை பால் பண்டம் விலக்கு, என் பிழைப்பே இப்படித்தான். கையெல்லாம் பால், வாயில் ஆலிவ்.

விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகத்தில் நம் ஊர் எள்ளு ரொட்டிக்காரன் பியெரிஸ் நின்றானே, அந்தக் கூடையை நான் பார்த்தேன். எள்ளு ரொட்டி, பூசணிப் பணியாரம், எண்ணெயில் வதக்கிய கீரை வைத்த அப்பம். எருசலேமுக்கு யாத்திரை போகிறவன் கூடையா அது? கடை போடப் போகிறவன் கூடை. பாலும் வெண்ணெயும் படாத பண்டம் செய்வதில் தீவிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். பெண்டாட்டி செத்து மூன்று வருஷமாகியும் மீசைக்கு மெழுகு தடவுகிறவன்.

போன மார்கழியில் நான் நுரையீரல் காய்ச்சலில் கிடந்தபோது நீ எனக்காக நேர்ந்துகொண்டாய். யோர்தான் ஆற்றில் முங்குவது, ஈஸ்டர் விடியும் வரை ஒரு சொட்டுப் பால் நாக்கில் படாமல் இருப்பது, பட்டால் நேர்ச்சை செத்தது. பாதிரியார் உன்னிடம், "பயணத்துல இருக்கறவங்களுக்கு விலக்கு உண்டும்மா, கிடைச்சதைச் சாப்பிடு" என்றார். நீ, "நேர்ந்தது நான் சாமி, ரோடு இல்ல" என்றாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் சரி. என்னைப் பிழைக்கவைத்த சாமிக்கு நன்றி சொல்லப் பியெரிஸ் எதற்கு?

நாற்பத்து நான்கு வருஷத்தில் முதல் முறையாக உனக்கென்று என் கையால் மாவு பிசைந்தேன். பட்டியில் எனக்குப் பிசைகிற மாதிரியே பிசைந்து, இரண்டு தடவை சுட்டு, இருபத்து நான்கு ரஸ்க் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு ஒன்று. ஈஸ்டர் வரைக்கும் வந்து இரண்டு மிஞ்சும். அதைத் தின்னு. அந்தக் கூடைப் பக்கம் போகாதே.

லோயிசோஸ்


பெய்ரூட்,
மார்ச் 3

லோயிசோ,

உன் கடிதம் கிடைத்தது. எருசலேமுக்குப் போகும் சீட்டு இன்னும் வராததால் இங்கே கோயில் விடுதியில்தான் இருக்கிறோம். முழங்கால் பரவாயில்லை.

கப்பலில் பட்டபாடு பெரும்பாடு. சோறு என்றார்கள், பளபளவென்று வெண்ணெய். சூப் என்றார்கள், மேலே தயிர். சமையல்காரனிடம் போய், "பால் இல்லாம ஏதாவது இருக்கா தம்பி?" என்று சாடையில் கேட்டேன். "இருக்கும்மா, இருக்கும்மா" என்று கும்பிட்டுவிட்டு ஒரு கோப்பைப் பால் கொண்டுவந்து வைத்தான். ஒரு நாள் முழுக்க எலுமிச்சையும் உப்பும். மறுநாள் பியெரிஸ் எள்ளு ரொட்டி கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை.

இங்கே கடைகளில் கடலை விழுது, அவித்த மொச்சை, எள் எண்ணெய் எல்லாம் கிடைக்கிறது. ஆனால் சட்டியை முன்னால் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நீ கொடுத்த ரஸ்க் பத்திரமாக இருக்கிறது. மார்புக்குச் சூடு வைத்துக்கொள். ஈரத் துணியோடு பட்டியில் நிற்காதே.

கிறிஸ்தல்லூ


ஊரிலிருந்து,
மார்ச் 11

கிறிஸ்தல்லூ,

உன் கடிதத்தை தோஃபிஸ் உறையிலிருந்து எடுத்ததுமே ஒரு தரம் இருமினான். "என்னடா?" என்றேன். "லோயிசோ மாமா, இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். மாவு மூட்டை மேல இருக்கறது இதே எழுத்துதான்" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு.

உனக்கும் எழுத்துத் தெரியாது, எனக்கும் தெரியாது. அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய ஊரில் எழுதத் தெரிந்தவன் பியெரிஸ் ஒருத்தன்தானா? என் மார்புச் சூட்டைப் பற்றி அவன் எழுத வேண்டுமா? நான் சொல்வதை அவன் உனக்குப் படித்துக் காட்ட வேண்டுமா? அப்படியானால் இதையும் படிக்கட்டும். டேய் எண்ணெய்த் தொந்தி, சத்தமாகப் படி.

நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. லாசரஸ் திருநாள். உனக்குப் பதினேழு வயது. நீலப் பாவாடை, இடது பக்கம் ஓரம் பிரிந்திருந்தது. கோயில் வாசலில் அவன் அப்பன் கடையில் அவன் நின்றான். உன்னைக் கூப்பிட்டு எள்ளு ரொட்டி கொடுத்தான். மூன்று தின்றாய். மூன்றாவதைத் தின்றுவிட்டு உதட்டு ஓரத்தில் ஒட்டிய எள்ளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாய். நான் எதிரே சுவரோரம் இரண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தவக்காலம். என் பையில் இருந்தது வெறும் கட்டி. எப்படி நீட்டுவேன்?

வருஷத்தில் ஐம்பது நாள் என் கைப் பண்டத்தை எவளும் தொட முடியாது. அந்த ஐம்பது நாள் அவன் ராஜா. அதே ஐம்பது நாளில்தான் நீ அவனோடு கப்பலேறியிருக்கிறாய்.

இப்போது திரும்பி வரும்போது அவன் ஹஜி பியெரிஸ், நீ ஹஜினா கிறிஸ்தல்லூ. யோர்தானில் முங்கியவர்கள் பெயருக்கு ஒரு வால் முளைக்கும். ஆடு மேய்த்தவன் வெறும் லோயிசோஸ்.

"ரஸ்க் பத்திரமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பத்திரமாக இருக்கிறதா, தின்றாயா? எத்தனை தின்றாய்?

லோயிசோஸ்


எருசலேம்,
மார்ச் 18

லோயிசோ,

உன் கடிதத்தை அவர்தான் படித்தார். தொந்தி என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் சத்தமாகப் படித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. மடத்தில் பருப்பும் வெங்காயமும், பால் பயமே இல்லை. வழியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். "இது வேணாம் கிறிஸ்தல்லூ, அந்த மனுஷனுக்கு எதுக்கு?" என்று எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லாவிட்டால் கூட வந்த யாராவது ஊரில் வேறு மாதிரி சொல்வார்கள்.

அம்மானுக்கு முன்னால் பேருந்துச் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மழை. பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த ஆட்டுக்காரர்கள் எங்களை உள்ளே உட்காரவைத்தார்கள். வீட்டுக் கிழவி ஆளுக்கொரு கிண்ணத்தில் ஆட்டுப்பால் மோர் கொண்டுவந்தாள். கெட்டியாக, நுரையோடு, உன் பட்டி வாசனை. பயணத்துக்கு விலக்கு உண்டென்று மற்றவர்கள் குடித்துவிட்டார்கள். நான் கையை மார்பில் வைத்துத் தலையாட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "என் கை தீட்டா?" என்பது போல் பார்த்தாள். அவள் மகன் எழுந்து நின்றான். அந்த நேரத்தில் பியெரிஸ் என் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். தன்னுடையதையும் குடித்தார். வயிற்றைத் தட்டி இன்னொன்றும் கேட்டார். கிழவி சிரித்துவிட்டாள்.

அவரும் நோன்புதான் லோயிசோ. அறுபது வருஷத்தில் தவக்காலத்தில் பால் தொட்டதில்லையாம். என் நேர்ச்சைக்காக, அதாவது உனக்காக, அவர் நோன்பு போனது.

(எழுதுகிற கை என்னுடையது. குடித்த வாயும் என்னுடையதுதான் லோயிசோ. மோர் நன்றாக இருந்தது. உன்னுடையதைவிடப் புளிப்பு. — பியெரிஸ்)

அவர் என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். தப்பாக ஏதாவது இருந்தால் மன்னித்துவிடு.

ரஸ்க் பத்திரமாக இருக்கிறது.

கிறிஸ்தல்லூ


ஊரிலிருந்து,
மார்ச் 25

கிறிஸ்தல்லூ,

இன்று மங்கள வார்த்தைத் திருநாள். மீன் தின்ன அனுமதி உள்ள நாள். ஊரெல்லாம் கருவாட்டை ஊறவைத்துப் பூண்டு அரைக்கிறார்கள். நான் ஆலிவும் வெங்காயமும் தின்றுவிட்டு வந்து இதைச் சொல்கிறேன்.

மோர்க் கதை படித்ததும் கடையில் ஒருவனும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பெரிய மனுஷன் பியெரிஸ்" என்று ஒரு கிழவன் தொப்பியைக் கழற்றினான். என் உயிருக்கு நேர்ந்த நேர்ச்சையை அவன் வாயால் காப்பாற்றிவிட்டான். இனி என் ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? காய்ச்சலில் போயிருந்தால் இந்தக் கேவலம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். இரண்டு கடிதத்திலும் "பத்திரமாக இருக்கிறது". தின்றேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, காது கேட்கும். முப்பத்து மூன்று நாளாகிறது. பதினாறு ரஸ்க் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அவன் ரொட்டியைத் தின்கிறாய், என்னுடையதைச் சுமக்கிறாய். வழியில் எங்காவது கொட்டியிருந்தால் கொட்டினேன் என்று சொல்லிவிடு.

ஈஸ்டருக்குப் பானையைத் திறக்க மாட்டேன். நீ வரும்போது கட்டியும் இருக்காது, அடுப்பும் எரியாது. பால் படாத பண்டம்தான் உனக்குப் பழகிவிட்டதே.

லோயிசோஸ்


எருசலேம்,
ஏப்ரல் 1

லோயிசோ,

இதை எழுதுவது மடத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தி. கிரேத்தா தீவுக்காரி. நம் ஊரில் யாரையும் தெரியாதவள். அதற்காகத்தான் மூன்று நாள் அவள் பின்னாலேயே நடந்தேன். உறையின் மேல் "பாதிரியார் தனியாக வாசிக்க" என்று போடச் சொல்லியிருக்கிறேன். காப்பிக்கடைக்குக் கொண்டுபோகாதே.

உன் ரஸ்க்கை நான் தின்னவில்லை. ஒன்றுகூட இல்லை.

கப்பலில் இரண்டாம் நாள் பசி தாங்காமல் ஒன்றை எடுத்துத் தண்ணீரில் நனைத்தேன். தண்ணீர் கலங்கி வெளுத்தது. வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்கில் ஏறியது உன் பட்டி வாசனை. நாற்பத்து நான்கு வருஷம் உன் சட்டையைத் துவைத்தவள் எனக்கு அது தெரியாதா? நீ மாவைத் தண்ணீரில் பிசையவில்லை. கட்டி எடுத்தபின் அண்டாவில் மிஞ்சுமே, அந்தத் தெளிநீரில் பிசைந்திருக்கிறாய். பட்டியில் உனக்குச் சுடும்போது எப்போதும் அப்படித்தானே செய்வாய். ரொட்டி மெத்தென்று வரும் என்பாய். நாய்க்கு ஊற்றுகிற தண்ணீர்தானே என்று நினைத்திருப்பாய். அதுவும் பால்தான் லோயிசோ.

எழுதுகிறவர் பியெரிஸ். இதை நான் அவரிடம் எப்படிச் சொல்வேன்? படிக்கிறவன் தோஃபிஸ். "பெண்டாட்டி நேர்ச்சையைப் புருஷனே கெடுக்கப் பார்த்தான், பால்காரனுக்குப் பால் எதுன்னு தெரியல" என்று அடுத்த தவக்காலம் வரைக்கும் சிரிப்பார்கள். அதனால் பத்திரமாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. நனைத்ததை வெயிலில் உலர்த்தித் திரும்பக் கட்டிவைத்தேன். இருபத்து நான்கும் என் தலைமாட்டில் இருக்கின்றன. பெய்ரூட்டில் எலி வந்தது, அதற்கும் கொடுக்கவில்லை.

யோர்தானில் முங்கிவிட்டேன். தண்ணீர் சில்லென்று சேறாக இருந்தது. உன் பெயரைச் சொல்லி மூன்று தடவை.

இன்னொன்று. லாசரஸ் திருநாளில் மூன்று தின்றேன், உண்மைதான். பசி, காலையிலிருந்து கோயிலில் நின்றிருந்தேன். ஆனால் எட்டு நாள் கழித்து என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இல்லையா? ஈஸ்டர் ஞாயிறு. அண்டாவிலிருந்து எடுத்த சூடு ஆறாத கட்டி ஒன்றை ஓடிவந்து என் மடியில் போட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் ஓடினாய். மடி நனைந்தது, என் வயிறு சுட்டது. எல்லாம் ஞாபகம் இருக்கிற மனுஷனுக்கு அது மட்டும் எப்படி மறந்தது?

கிறிஸ்தல்லூ


ஊரிலிருந்து,
ஏப்ரல் 8

கிறிஸ்தல்லூ,

நேற்று உன் கடிதம் வந்தது. பாதிரியார் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். தெளிநீர் என்ற இடம் வந்ததும் என் கையை நானே பார்த்தேன். அறுபது வருஷமாக இந்தக் கை அதில்தான் ஊறுகிறது. கழுவுவதும் அதில்தான், நாய்க்கு ஊற்றுவதும் அதுதான். தண்ணீர் வேறு, அது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. "சாமி, நேர்ச்சை கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். "அவ திங்கலையே லோயிசோ" என்றார். "கெடுக்கப் பாத்தது யாரு?" என்றேன். அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

நீ பியெரிஸின் ரொட்டியைத் தின்னாமல் என் ரஸ்க்கைத் தின்றிருந்தால் என் உயிருக்கு நேர்ந்ததை என் கையே அறுத்திருக்கும். இதை நினைத்து நினைத்து இரவு முழுக்கப் புரண்டேன்.

பிறகு நேரே காப்பிக்கடைக்குப் போனேன். எழுதுவது தோஃபிஸ்தான். எல்லாரும் இருக்கிறார்கள். "எல்லாரும் கேளுங்கடா, ரஸ்க்கில் தெளிநீர் ஊத்தினவன் நான்" என்று நானே சொன்னேன். சிரித்தார்கள். தோஃபிஸ் நாற்காலியிலிருந்து விழப் போனான். "லோயிசோ மாமா, அப்ப மழைத் தண்ணியும் ஒங்களுக்குப் பால்தானா?" என்கிறான். சிரிக்கட்டும். நீ மூன்று நாள் கன்னியாஸ்திரி பின்னால் நடந்தாய். நான் இவர்கள் முன்னால் ஒரு நாள் உட்கார மாட்டேனா?

ஈஸ்டர் ஞாயிறு உன் கடிதம் வரும் முன்பே போய்விட்டது. மற்றவர்கள் சிவப்பு முட்டை தட்டி உடைத்தார்கள், கட்டி வைத்த அப்பம் தின்றார்கள். நான் கோபத்தில் பானையைத் திறக்கவில்லை. இப்போது கோபம் இல்லை, ஆனாலும் திறக்கப் போவதில்லை. நீ தரையிறங்கும் வரை என் வாயில் ஆலிவ்தான். "ஈஸ்டருக்கு அப்புறம் என்ன நோன்பு? பாவம்" என்கிறார் பாதிரியார். "நேர்ந்தது நான் சாமி, நாள்காட்டி இல்ல" என்றேன்.

சூடு ஆறாத கட்டி எனக்கு ஞாபகம் இருந்தது. நான் சொல்லி, நீ அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

லோயிசோஸ்


எருசலேம்,
ஏப்ரல் 14

லோயிசோ,

திரும்பப் பியெரிஸ்தான் எழுதுகிறார். ஊருக்கே சொல்லிவிட்டாயாம், இனி எனக்கு என்ன மறைக்க?

ஈஸ்டர் விடிந்ததும் மடத்து மாடிக்குப் போய் மூட்டையை அவிழ்த்தேன். மணி எல்லாப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. கீழே முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கூப்பிட்டார்கள், போகவில்லை. முதலில் உன் ரஸ்க். கல்லாகிவிட்டது. திராட்சை ரசத்தில் முக்கி, சாமிக்கும் உனக்கும் சொல்லிவிட்டு வாயில் வைத்தேன். கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அது வேறு விஷயம். ருசி உன் பட்டிதான்.

பியெரிஸ் படியேறி வந்து நின்றார். "ஒண்ணரை மாசமா அந்த மூட்டையை முட்டிக்கிட்டே வரேன் கிறிஸ்தல்லூ. எனக்கு ஒண்ணு கெடையாதா?" என்றார். எனக்காக மூன்று கிண்ணம் குடித்த மனுஷர். இன்னொன்றை ரசத்தில் நன்றாக ஊறவைத்துப் பாதி கொடுத்தேன். கடைசித் துணுக்கு வரை மென்றார். பிறகு, "இந்த மெத்து எனக்கு வரவே வராது" என்றார். இதை எழுதும்போதும் முகம் சுளிக்கிறார், ஆனால் எழுதுகிறார்.

இருபத்தாறாம் தேதி கப்பல்.

கிறிஸ்தல்லூ


ஊரிலிருந்து,
ஏப்ரல் 20

கிறிஸ்தல்லூ,

பெய்ரூட் விடுதிக்கு இதை அனுப்புகிறேன், கப்பலேறும் முன் கிடைத்துவிடும்.

பானையோடு லார்னகா துறைமுகத்தில் நிற்பேன். உனக்குக் கட்டி நான்கு, தேர்ந்தெடுத்து வைத்தாகிவிட்டது. உப்பு சரியா என்று நீதான் முதலில் பார்க்க வேண்டும், நான் இன்னும் நாக்கில் வைக்கவில்லை. நீ தின்ற பிறகு நான்.

பியெரிஸுக்கும் உண்டு என்று சொல். அவன் குடித்த மூன்று கிண்ணத்தை நான் மறக்க மாட்டேன். எதையும்தான் மறப்பதில்லையே. அவனுக்கு ஒரு கட்டியில் பாதி.

அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். நீ கொடுத்தது எந்தப் பாதி? ரஸ்க் ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் தடித்தும் இருக்கும், சுட்டவன் நான், எனக்குத் தெரியும். கரையில் இறங்கியதும், அவன் பார்க்காதபோது, விரலால் அளவு காட்டு. அதே அளவுக்குத்தான் அவன் கட்டியில் கத்தி வைப்பேன்.

லோயிசோஸ்